குழாய்வழிப் பாதுகாப்பு விதிகள்: தரநிலையின் புதிய பதிப்பு தானாகவே விதியாகலாமா?

இரும்புக்குழாய்:
அமெரிக்கக் குழாய்வழிப் பாதுகாப்பு விதிகள், தொழில்துறைத் தரநிலைகளைப் பதிப்பும் ஆண்டும் குறிப்பிட்டே தம்முள் சேர்த்துக்கொள்கின்றன. எண்ணெய், எரிவாயுத் தொழில்துறைச் சங்கமான ஏபிஐ வெளியிடும் வெல்டிங் தரநிலையான ஏபிஐ 1104-இன் 21ஆம் பதிப்பு 2013இல் வெளிவந்தது. ஒழுங்குமுறை அமைப்பான பிஎச்எம்எஸ்ஏ அதை ஏற்றதோ 2024இல். அதற்குள் 22ஆம் பதிப்பும் வந்துவிட்டது. குழாய் ஆலைகள் நடப்புப் பதிப்பின்படி உற்பத்தி செய்கின்றன, சான்றிதழிலும் அதுவே அச்சாகி வருகிறது. விதி பழைய பதிப்பைக் கேட்கும்போது, இரண்டும் சமம்தான் என்று பிரிவு பிரிவாக ஒப்பிட்டுக் கோப்பு தயாரிப்பதிலேயே பொறியாளர்களின் நேரம் கரைகிறது. புதிய பதிப்பு வெளியானதும் தானாகவே விதியாகட்டும்.

விதிப்புத்தகம்:
அதற்குச் சட்டத்தில் இடமில்லை. கூட்டாட்சி விதித்தொகுப்பின் முதல் தலைப்பு, 51ஆம் பகுதியின்படி, ஒப்புதல் பெற்ற பதிப்பு மட்டுமே விதியில் சேரும். பின்னால் வரும் திருத்தங்கள் சேரா. இதை வெறும் சம்பிரதாயம் என்று ஒதுக்க முடியாது. தரநிலைக் குழுக்களில் குழாய்வழி நிறுவனங்களின் பொறியாளர்களும் அமர்ந்திருக்கிறார்கள்; தங்களைக் கட்டுப்படுத்தும் விதியைத் தாங்களே திருத்திக்கொள்ளும் வசதியை அவர்களுக்கு ஏன் தர வேண்டும்? குழாய்வழியை ஒட்டி வாழ்வோருக்குத் தகவல் தருவது பற்றிய ஏபிஐ 1162-இன் இரண்டாம் பதிப்பு 2010இல் வந்தபோது, பிஎச்எம்எஸ்ஏ அதற்கு மாறாமல் 2003ஆம் ஆண்டு முதல் பதிப்பையே வைத்துக்கொண்டது. உங்கள் யோசனைப்படி அவ்வாறு மறுக்கும் உரிமையே இராது. இத்தனைக்கும், இந்தத் தரநிலைகள் பலவற்றைப் பொதுமக்கள் திரையில் படிக்கலாமே தவிர அச்சிட முடியாது.

இரும்புக்குழாய்:
அந்தக் குழுக்களில் அரசு அலுவலர்களும் பங்கேற்கிறார்கள் என்பதை விட்டுவிட்டீர்கள். மறுக்கும் உரிமையைப் போற்றுகிறீர்கள். முடிவே எடுக்காமல் கிடப்பில் போடுவதை என்னவென்பீர்கள்? திரவ இயற்கை எரிவாயு நிலையங்களுக்கு, அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வெளியிடும் 59ஏ தரநிலையின் 2001ஆம் ஆண்டுப் பதிப்பே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அடிப்படையாக இருந்தது.

பழையதடம்:
நீங்கள் இருவரும் புதுக் குழாயைப் பற்றியே பேசுகிறீர்கள். 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் வெடித்து 8 பேரைக் கொன்ற 30 அங்குல எரிவாயுக் குழாய் 1956இல் பதிக்கப்பட்டது. அது நீளவாட்டில் வெல்டிங் இணைப்பே இல்லாத குழாய் என்று பதிவேடு சொன்னது; வெடித்த பகுதியிலோ நீளவாட்டு இணைப்பு உட்புறம் வெல்டிங் செய்யப்படாமலே இருந்தது. 1970க்கு முந்தைய குழாய்களை அழுத்தச் சோதனையின்றி, அதுவரை தாங்கிய அழுத்தத்திலேயே இயக்க விதி சலுகை தந்திருந்தது. வடிவமைப்பு, கட்டுமானம், தொடக்கச் சோதனை ஆகியவற்றுக்கான புதிய தரநிலைகள் ஏற்கெனவே உள்ள குழாய்களுக்குப் பொருந்தா என்று சட்டமே சொல்லும்போது, 22ஆம் பதிப்பை நாளைக்கே ஏற்றாலும் மண்ணுக்கடியில் கிடக்கும் அந்த இணைப்புகளில் எதுவும் மாறாது.

இரும்புக்குழாய்:
அதை மறுக்கவில்லை. ஆனால் ஓடும் குழாயை உள்ளிருந்து கருவியால் ஆய்வதற்கும் பழுதை மதிப்பிடுவதற்கும் உள்ள தரநிலைகளை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. பழைய குழாயைக் காப்பவை அவைதான், அவற்றிலும் இதே தாமதம்தான் நிகழ்கிறது.

விதிப்புத்தகம்:
அப்படியானால் காலக்கெடு வைக்கச் சொல்லுங்கள்: புதிய பதிப்பு வந்து ஓராண்டுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று பிஎச்எம்எஸ்ஏ காரணத்தோடு அறிவிக்கட்டும், பழைய பதிப்பிலிருந்து மாறிய வரிகளையும் இலவசமாக வெளியிடட்டும். அதற்கு நான் உடன்படுவேன். தானாக விதியாவதற்கு மாட்டேன்.