மலாவிக் கிராமங்களில் பெண் பிள்ளைகளின் படிப்புக்கு ஆண்களைத் துணை சேர்ப்பது எப்படி?

கேள்வி (கசுங்குவாசி):

அனைவருக்கும் வணக்கம். மலாவியின் கசுங்கு மாவட்டத்தில், கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். இந்நாட்டில் 1994ஆம் ஆண்டிலிருந்தே தொடக்கக் கல்விக்குக் கட்டணம் இல்லை என்பதால், முதல் வகுப்பில் பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளுக்குக் குறையாமல் சேர்கிறார்கள். ஆனால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குள் அவர்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். பள்ளிகளில் இருக்கும் அன்னையர் குழுவினர், நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று பேசி, சிலரைத் திரும்ப அழைத்தும் வருகிறார்கள். இருந்தாலும் திருமணப் பேச்சு எழுந்துவிட்ட வீட்டில் அவர்களுடைய சொல் எடுபடுவதில்லை. திருமண வயது 18 என்று 2015இல் சட்டம் வந்து, 2017இல் அரசியலமைப்பும் திருத்தப்பட்டுவிட்டது என்று எடுத்துச் சொன்னால், தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். தந்தையருக்கென்று தனியாகக் கூட்டம் போட்டோம். வந்தவர்கள் சிலரே, அவர்களிலும் பாதிப் பேர் வருகைப்படி உண்டா என்றுதான் முதலில் கேட்டார்கள். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (பழைய ஆசிரியர்):

நண்பருக்கு வணக்கம். லிலாங்வே பக்கம் சில ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இருக்கும் பகுதியில் செவா மக்களே மிகுதி. அவர்களுடையது தாய்வழிச் சமூகம். மரபுப்படி மணமான ஆண் மனைவியின் ஊரில் வந்து குடியிருப்பான். அவனுடைய பிள்ளைகள் அவன் குலத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர், மனைவியின் குலத்தவர். திருமணம் பேசுவது, முறிப்பது, வழக்கு தீர்ப்பது எல்லாம் தாய்மாமன் பொறுப்பு. அவரை மலுமே என்பார்கள். தாய்மாமன் சீர் கண்ட நமக்கு இது பாதி விளங்கும். ஆனால் அங்கே அவர் சீர் செய்பவராக மட்டும் இல்லை, முடிவு சொல்பவராகவும் இருக்கிறார். ஆகவே செலவு செய்பவர் தந்தை, தீர்மானிப்பவர் மாமன் என்று இரண்டு ஆண்கள் ஒரே பிள்ளையின் படிப்பில் சம்பந்தப்படுகிறார்கள். தந்தையரை மட்டும் கூட்டினால், சொல்லுரிமை இல்லாதவரிடம் நீங்கள் வாக்குறுதி வாங்குகிறீர்கள். மாமன் பெரும்பாலும் வேறு ஊரில், தன் மனைவியின் ஊரில் இருப்பார் என்பதால், கிராமத் தலைவர் வழியாக ஆள் அனுப்பித்தான் அவரை அழைக்க வேண்டியிருக்கும். வடக்கே தும்புக்கா மக்களிடம் தந்தைவழி முறையும் பெண்ணுக்குப் பொருள் கொடுத்து மணமுடிக்கும் வழக்கமும் உண்டு. அங்கு இந்த யோசனை பொருந்தாது.

இன்னொன்று, பணம் கையில் வரும் காலம். கசுங்கில் ரொக்கம் என்றால் புகையிலைதான். ஏறக்குறைய ஏப்ரலில் சின்கோமா ஏலக் கூடம் திறக்கிறது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் கழிந்தது போக மிஞ்சுவது குடும்பத் தலைவரின் கைக்கு வருகிறது. பள்ளி ஆண்டு தொடங்குவதோ செப்டம்பர் வாக்கில். அதற்குள் அந்தப் பணம் கரைந்துவிடும். அடுத்து டிசம்பர் முதல் மார்ச் வரை களஞ்சியம் காலியாகும் பசிக்காலம். பெண் பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்புவதும், ஒரு வயிறு குறையட்டும் என்று திருமணத்துக்குச் சம்மதிப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. எனவே அறிவுரைக் கூட்டத்தைச் செப்டம்பரில் போடாதீர்கள். மே, ஜூன் மாதங்களில், புகையிலை விற்ற வாரத்திலேயே, நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைத் துணிக்கும் ஆகும் தொகையைப் பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழுவில் பிள்ளை பெயரில் கட்டச் சொல்லுங்கள்.

மறுமொழி 2 (செம்மண்):

ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். படித்தொகை விஷயத்தில் உறுதியாக இருங்கள். ஒரு முறை கொடுத்துவிட்டால் பிறகு அது இல்லாமல் ஒருவரும் வரமாட்டார்கள். நைஜர் நாட்டின் சிந்தர் பகுதியில், ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவில் தொடங்கிய ‘கணவர் பள்ளிகள்’ என்னும் ஆண்கள் குழுக்களை இங்கு நினைக்கலாம். அவற்றின் நோக்கம் தாய்சேய் நலம், கல்வி அல்ல. ஆனால் அமைப்பு முறை கவனிக்கத்தக்கது. தன் மனைவியை ஏற்கெனவே மருத்துவ நிலையத்துக்கு அனுப்பும் ஆண்களையே உறுப்பினராகச் சேர்த்தார்கள். ஊதியம் இல்லை, தலைவர் பதவியும் இல்லை. அதேபோல, மகளையோ சகோதரியின் மகளையோ உயர்நிலைப் பள்ளி வரை படிக்கவைத்த ஆண்களை ஊரில் தேடிப் பிடியுங்கள். அவர்கள் சொன்னால் மற்ற ஆண்கள் காதுகொடுப்பார்கள்.

பேச்சை விட வேலைக்கு ஆண்கள் எளிதாக வருவார்கள் என்பதும் என் அனுபவம். செங்கல் அறுத்து, சூளை வைத்து, பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறையும் உடைமாற்ற ஓர் அறையும் கட்டச் சொன்னால், கூட்டத்துக்கு எட்டிப்பார்க்காதவர்கள் கூட மண்வெட்டியோடு வருகிறார்கள். ஏன் தனியறை என்ற கேள்வி அந்தச் சூளையருகே தானாக எழும். மாதவிடாய் நாள்களில் பிள்ளைகள் வராமல் போவதைப் பற்றி ஆண்களோடு பேச அதைவிட இயல்பான சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஒரு எச்சரிக்கை. ஆண்கள் குழு பெண் பிள்ளைகளைக் கண்காணிக்கும் காவல் படையாக மாறிவிடக் கூடாது. யாரோடு பேசினாள், எங்கே போனாள் என்று விசாரிக்கத் தொடங்கினால், பயந்த பிள்ளை பள்ளியையே விட்டுவிடும். விசாரிக்க வேண்டியது இளைஞர்களையும் பெரியவர்களையும்தான். பள்ளி வழியில் இலவசமாக ஏற்றிச் செல்வதாகச் சொல்லும் கபாசா சைக்கிள் டாக்சிக்காரர்கள் முதல், சில இடங்களில் ஆசிரியர்கள் வரை.

மறுமொழி 3 (கணக்குப்பிள்ளை):

ஆண்களின் மனத்தை மாற்றுவது என்ற பேச்சில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதே மலாவியின் சோம்பா மாவட்டத்தில் 2008 முதல் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், திருமணமாகாத இளம்பெண்களின் குடும்பங்களுக்கும் அவர்களுக்கும் மாதந்தோறும் சிறு தொகை கொடுத்தார்கள். பள்ளிக்கு வந்தால்தான் பணம் என்ற பிரிவில் படிப்பு நிற்பது நன்றாகக் குறைந்தது. நிபந்தனையின்றிக் கொடுத்த பிரிவில் இளவயதுத் திருமணமும் கருத்தரிப்பும் குறைந்தன. யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் பணம் நின்றதும், நிபந்தனையில்லாப் பிரிவில் கண்ட பலன் விரைவில் மறைந்துவிட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாம்பியாவில் தொலைவிலிருந்து வரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்தபோது தாமதமும் விடுப்பும் குறைந்தன. வீட்டுக்கு வரும் சைக்கிளைத் தந்தையோ அண்ணனோ எடுத்துக்கொள்ளாமல் இருக்க, அதைப் பிள்ளையின் பெயரில் எழுதி, குடும்பத்து ஆண்களிடம் கையெழுத்து வாங்குவது நல்லது. ஆண்களின் பங்கேற்பு என்றால் எனக்குப் புரிவது இந்த அளவுதான்.

கசுங்குவாசி:

மூவருக்கும் நன்றி. எங்கள் வருகைப் பதிவேட்டில் தந்தை பெயருக்கு மட்டுமே இடம் இருக்கிறது. தாய்மாமன் பெயரும் ஊரும் எழுத ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஏலப் பருவத்துக்கு முன் கிராமத் தலைவரைப் பார்க்கப் போகிறோம். சேமிப்புக் குழுவில் கட்டிய பணத்தைப் பசிக்காலத்தில் தந்தையே திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்று அன்னையர் குழுவினர் இப்போதே கேட்கிறார்கள். பணமாக வைக்காமல் உடனே துணியும் நோட்டும் வாங்கி வைத்துவிடலாமா என்பது அவர்களுடைய யோசனை. இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.