வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு அக்குபங்சர் செய்தவர்கள் உண்டா?

என் மகளுக்கு வயது 5. மூளைப் பாதிப்பால் வரும் பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி), இரண்டு காலிலும் இறுக்கம். வாக்கர் பிடித்து நடப்பாள். குதிகால் தரையில் படாது, முட்டி ரெண்டும் உரசும். தக்கலை பக்கம் இருக்கிறோம்.

ஒன்றரை வயதிலிருந்து பிசியோதெரபி விடவில்லை. வீட்டிலும் தினமும் கெண்டைக்காலை நீட்டிவிடுகிறோம், உட்கார்ந்து எழும்பப் பழக்குகிறோம், ராத்திரி காலை நீட்டிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட் போடுகிறோம். போன வருஷம் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டதில் மூன்று மாதம் போல கால் நன்றாக இளகியது. பிடியை விட்டுச் சில அடி நடந்தாள், வீடே அழுதது. மருந்தின் வேகம் குறைந்ததும் பழையபடி இறுகிவிட்டது.

இப்போது தெரிந்தவர்கள் அக்குபங்சர் சொல்கிறார்கள். உடற்பயிற்சியை எதற்காகவும் நிறுத்தமாட்டேன். கூடச் சேர்க்கலாமா என்றுதான் யோசனை. பயம் என்னவென்றால், வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். அதில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம், ஊசி குத்தினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டலாம். சில இடங்களில் ஊசியில் மின்சாரமும் வைக்கிறார்கள், வலிப்பு உள்ள பிள்ளைக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைக்குப் பயிற்சியோடு அக்குபங்சரும் செய்த பெற்றோர் இருந்தால் சொல்லுங்கள்: கால் இறுக்கம் நிஜமாகவே குறைந்ததா?