ஆறு காய் டேபிள்பேஸ்: நாமே உருவாக்கலாமா, இறக்கிக்கொள்ளலாமா?

பட்டர்வொர்த்_குதிரை: எங்கள் செஸ் கிளப்பில் 16 ஜிபி ரேம் உள்ள கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. ஆறு காய் இறுதியாட்ட டேபிள்பேஸை (பலகையில் ஆறு காய் மிஞ்சும் ஒவ்வொரு நிலைக்கும் சரியான முடிவைச் சொல்லும் பட்டியலை) அதிலேயே உருவாக்கலாம் என்கிறேன். கமிட்டி வெட்டி வேலை என்கிறது.

செந்தூல்_யானை: கமிட்டி சொல்வதுதான் சரி, தம்பி. ரொனால்ட் டி மான் என்பவர் 2013-லேயே சிசிஜி என்று ஒரு டேபிள்பேஸ் செய்து இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஆறு காய் வரை மொத்தமே 150 ஜிபிதான். நல்ல ஃபைபர் இருந்தால் ஒரே ராத்திரி.

பட்டர்வொர்த்_குதிரை: அதில் எத்தனை நகர்வில் மேட் என்பது இல்லையே அண்ணே. அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வு எவ்வளவு தூரம் என்றுதான் சொல்லும். பசங்கள் கேட்பதோ மேட். கணக்கைப் பாருங்கள்: சிப்பாய் இல்லாவிட்டால் பலகையைத் திருப்பி, கவிழ்த்து, ஒரே மாதிரியானதைக் கழித்தால் இரண்டு ராஜாக்களுக்கும் சேர்த்து 462 அமைப்புதான். மற்ற நான்கு காய்க்கும் ஆளுக்கு 64 கட்டம், அதை நான்கு தடவை பெருக்கணும். ஒரு வகை இறுதியாட்டத்துக்கு மொத்தம் 775 கோடி நிலை. நிலைக்கு ஒரு பைட், வெள்ளைக்கும் கறுப்புக்கும் சேர்த்து பதினைந்தரை ஜிபி. அடங்குகிறதே!

செந்தூல்_யானை: ஒரு பைட்டா? ராஜா, யானை, குதிரைக்கு எதிராக ராஜாவும் இரண்டு குதிரையும் இருந்தால் மேட்டுக்கு 262 நகர்வு வரை போகும். ஒரு பைட்டில் 255-தான். இரண்டு பைட் போட்டால் 31 ஜிபி. மீதி டிஸ்க்குக்கு வழியும். மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடும்போது நினைவகத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தொடுவோம். டிஸ்க்கில் போனால் எத்தனை கோர் இருந்தாலும் காத்துக் கிடக்கும்.

பட்டர்வொர்த்_குதிரை: அந்த இரண்டு குதிரையும் ஒன்றுபோலத்தானே? இடம் மாற்றினாலும் அதே நிலை. பாதியாகிவிடும், திரும்பவும் பதினைந்தரை. ரேமை மிச்சம் பிடிக்க விண்டோஸ் வேண்டாம், திரை இல்லாத லினக்ஸ் போதும்.

ஜெலுத்தோங்_சிப்பாய்: அப்படியே காசு திரட்டி ஏழு காய்க்குப் போவோமே?

செந்தூல்_யானை: ஒரு காய் கூடினால் 64 மடங்கு, அதாவது சுமார் 1 டிபி ரேம். லோ யாட் கம்ப்யூட்டர் கடைகளில் கேட்டால் உன்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். 2012-இல் அதைச் செய்ய மாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு லோமொனோசோவ் சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. முடிவு 140 டிபி.

குதிரைத் தம்பிக்கு: இரண்டு குதிரைக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசங்களுக்குக் காட்ட ராஜா, யானை, எதிரே தனி ராஜா போதுமே. ஒரு பக்கத்துக்கு 29,568 நிலை. யானை உள்ள பக்கம் நகர்த்தும் முறை என்றால், சரியாக ஆடினால் 16 நகர்வுக்குள் மேட். போனிலேயே ஓடும்.

பட்டர்வொர்த்_குதிரை: மூன்று காயில் ரேம் தட்டுப்பாடே வராதே அண்ணே. இடத்தைச் சிக்கனம் பண்ண அவர்கள் எப்போது கற்றுக்கொள்வது? சனிக்கிழமை ஓட்டப்போகிறேன்.