ஊதா பாக்டீரியா மாதிரி: வெளிச்சத்தைக் கூட்டினால் ஏடிபி நிற்காமல் ஏறுகிறது, எங்கே தப்பு?

எலஹங்கா மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக ரோடோபாக்டர் ஸ்ஃபேராய்டஸ் என்ற ஊதா பாக்டீரியாவின் ஒரு குரோமடோஃபோரை, அதாவது ஒளியைப் பிடித்து ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்) ஆக்கும் அந்தக் குட்டிப் பையை, பைத்தானில் எழுதியிருக்கிறேன். ஒளியைப் பிடிக்கும் எல்.எச்.2, எல்.எச்.1, அந்த ஆற்றலால் எலெக்ட்ரானைத் தள்ளும் வினை மையம், புரோட்டானைப் பைக்குள் சேர்க்கும் பிசி1, ஏடிபி செய்யும் ஏடிபி சிந்தேஸ் என எல்லாப் புரதங்களுமே வீதச் சமன்பாடுகள்தான். ஒரு தடவை ஓட ராத்திரி முழுக்க ஆகிறது. நடுவில் கரண்ட் போனால் அதுவும் போச்சு. முடிந்தாலும், வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட ஏடிபி நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகிறது. ஓர் இடத்தில் தேங்க வேண்டாமா? குணகத்தைக் குறைத்துப் பார் என்கிறார் கைடு.

மத்திக்கரைவாசி:
முதல் தொல்லை சுலபம். ஆற்றல் வினை மையத்துக்குப் போவது பிக்கோவினாடிக் கணக்கு, பிசி1 ஒரு சுற்று முடிப்பது மில்லிவினாடிக் கணக்கு. நடுவே நூறு கோடி மடங்கு. சமன்பாட்டைத் தீர்க்கும் ஆர்கே45 சால்வரில் இரண்டையும் போட்டால் அது பிக்கோவினாடியாகத்தான் நகரும். பெரிய அடியாக வைக்கக்கூடிய பி.டி.எஃப். முறைக்கு மாற்றுங்கள். அதைவிட, ஆற்றல் கடத்தலையே எடுத்துவிட்டு 0.9 என்று ஒரு பெருக்கல் போடலாம். பிடித்த ஒளியில் ஏறக்குறைய அவ்வளவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எலஹங்கா மாணவி:
நன்றி அண்ணா! சில நொடியில் முடிகிறது. கோடு மட்டும் அப்படியே நேராக இருக்கிறது.

ஜாலஹள்ளி அக்கா:
ஒவ்வொரு படியிலும் காலிக் குயினோன் (வினை மையத்திலிருந்து பிசி1-க்கு எலெக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறு) எத்தனை மிச்சம் என்று பிரிண்ட் போட்டுப் பாரும்மா.

எலஹங்கா மாணவி:
ஐயோ, மைனஸ் 4,000!

ஜாலஹள்ளி அக்கா:
அதான். குயினோன் தர்ஷினி ஓட்டல் தட்டு மாதிரி. வினை மையம் தோசை வைத்து அனுப்பும், பிசி1 காலி பண்ணித் தட்டைத் திருப்பித் தரும். தட்டு வராவிட்டால் மாஸ்டர் எவ்வளவு வேகமாகச் சுட்டாலும் தோசை கல்லிலேயே கருகும். உன் மாஸ்டர் இல்லாத தட்டில் பரிமாறுகிறார். வினை மைய வீதத்தைக் காலிக் குயினோன் பங்கால் பெருக்கு, பிசி1-க்கு ஓர் உச்ச வேகம் வை. கைடு சொன்னபடி குணகத்தைக் குறைத்தால் கோடு சாயும், வளையாது.

அப்புறம், ஒரு ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானைத்தான் தள்ளும். ஒரு குயினோன் நிரம்பிக் குயினால் ஆக இரண்டு வேண்டும். நீ ஒன்றுக்கு ஒன்று போட்டிருப்பாய் என்று சந்தேகம். பிசி1 குயினாலைக் காலி பண்ணும் கியூ சுழற்சியோடு சேர்த்து 2 ஃபோட்டானுக்கு 4 புரோட்டான் பைக்குள் வரவேண்டும். ஏடிபி ஒன்றுக்குச் சுமார் 4 புரோட்டான் என்று வைத்தால், மங்கிய வெளிச்சத்தில் 2 ஃபோட்டானுக்கு 1 ஏடிபி. அதைத் தாண்டினால் எங்கேயோ இரட்டிப்பு.

மத்திக்கரைவாசி:
அணு அணுவாகப் பார்க்க ஆசை வந்தால், இலினாய் பல்கலையில் கிளாஸ் ஷூல்டன் தொடங்கிவைத்த வேலை 2019-இல் வெளிவந்தது: முழுக் குரோமடோஃபோர், 13.6 கோடி அணுக்கள். சூப்பர்கம்ப்யூட்டர் சமாசாரம். எலஹங்கா கரண்டில் நடக்காது.

எலஹங்கா மாணவி:
2-ஆல் வகுக்க மறந்தது உண்மைதான் அக்கா. இப்போது கோடு வளைந்து தேங்குகிறது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் 2 ஃபோட்டானுக்கு 0.9 ஏடிபிதான் வருகிறது. அது அண்ணா போடச் சொன்ன பெருக்கலா?

ஜாலஹள்ளி அக்கா:
அதேதான்.