‘வருமோ, வராதோ’ என்னும் தவிப்பு: அனுபவப் பகிர்வு

வில்லிவாக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

துன்பம் வருவது உறுதி என்று தெரிந்தவரைவிட, அது வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலையில் இருப்பவரே அதிகம் வாடுகிறார் என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2016-இல் சோதித்துக் காட்டினார்கள். அந்த ஆய்வில் 45 பேர் ஒரு கணினி விளையாட்டை ஆடினார்கள். திரையில் தோன்றும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று அவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்துவிட்டால், ஊகம் சரியோ தவறோ, கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி கிடைக்கும். எந்தப் பாறையின் அடியில் பாம்பு இருக்கும் என்ற வாய்ப்பு ஆட்டத்தின் போக்கில் மாறிக்கொண்டே இருந்தது. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்து பார்த்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த வேளையைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற வேளையில்தான் மன அழுத்தம் உச்சத்தைத் தொட்டிருந்தது.

ஆய்வும் வேண்டாம், கருவியும் வேண்டாம் என்பதுபோல் இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் எங்கள் எதிர்வீட்டு அம்மா. 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, வீட்டு ஆழ்துளைக் கிணறுகளும் கைவிட்ட பிறகு, எங்கள் தெருவுக்குக் குடிநீர் வாரியத்தின் ‘மெட்ரோ தண்ணீர்’ லாரியே கதி என்றானது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ஜூலை 12 அன்று முதல் ரயில் வந்து நின்றது எங்கள் வில்லிவாக்கத்தில்தான். ஆனால் அந்தத் தண்ணீர் குழாய் வழியே கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயிற்றே தவிர, எங்கள் தெருவின் காத்திருப்பு குறையவில்லை. யாருடைய குடம் என்று அடையாளம் தெரிவதற்காகக் கழுத்தில் துணி நாடா கட்டிய பிளாஸ்டிக் குடங்கள் இரவு முழுவதும் வரிசையில் நிற்கும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா, பெரிய சாலையில் கனமான வண்டி எது போனாலும் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்காருவார். ஒருநாள் என்னிடம், “வராதுன்னு சொல்லிட்டா நிம்மதியா போய்ப் படுத்துடுவேன் தம்பி. வருமோ வராதோன்னு இருக்கறதுதான் உயிரை எடுக்குது” என்றார். ‘இன்று வண்டி கிடையாது’ என்று தெரிந்த இரவுகளில் அவர் திட்டிவிட்டு உறங்கப் போனதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத இரவு அவருக்குத் தண்ணீர் வரக்கூடிய இரவைவிட எளிதாக இருந்தது.

பிறகு லாரி ஓட்டுநர் ஒருவர் நல்ல மனத்தோடு, நீர் நிரப்பும் நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் தெருவில் ஒருவருக்குப் போன் செய்யத் தொடங்கினார். லாரி முன்பைவிடச் சீக்கிரம் வந்துவிடவில்லை, தண்ணீரும் கூடவில்லை. ஆனாலும் வரிசையில் சண்டை வெகுவாகக் குறைந்தது. டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மைப் பேராசிரியர் வரிசையில் நிற்பவர்களின் உளவியலைப் பற்றி 1985-இல் எழுதிய கட்டுரையில், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார். பேருந்து எங்கே வருகிறது என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு நிறுத்தத்தில் அமைதியாக நிற்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான்.

லண்டன் ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு முடிவு. வாய்ப்பு மாறுவதற்கு ஏற்ப யாருடைய பதற்றம் சரியாக ஏறி இறங்கியதோ, அவர்களே பாம்பு எங்கே என்று நன்றாகவும் ஊகித்தார்கள். பதற்றப்படுகிறவர்களைப் பலவீனமானவர்கள் என்று ஒதுக்குவது எவ்வளவு தவறு என்பதை இதைப் படித்த பிறகு அழுத்தமாக உணர்கிறேன். எங்கள் தெருவில் எந்த இரவு லாரி வரும் என்று சரியாகச் சொல்லக்கூடியவராக இருந்தவரும் அந்த அம்மாதான்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர் (செவிலியர்):

மேலே எழுதியவர் சொல்லும் அந்த அம்மாவைப் போன்றவர்களை நான் தினமும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பார்க்கிறேன். கதவு திறக்கும் ஓசை கேட்டவுடன் நடைக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். வெளியே வருவது துணி மூட்டையோடு ஓர் ஊழியராக இருந்தாலும் எழுந்து நிற்பார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் மூத்த சிஸ்டர் ஒருவர், “பார்க்கலாம், சொல்றோம்னு மட்டும் சொல்லாதே, மணி சொல்லு” என்று கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து, “நாலு மணிக்கு நானே வந்து சொல்றேன். புதுசா ஒண்ணும் இல்லைன்னாலும் வந்து அதையே சொல்றேன்” என்றுதான் சொல்லி வருகிறேன். பொன்னேரியிலிருந்து மகனைக் கொண்டுவந்து சேர்த்திருந்த ஒரு தாய், காலையிலிருந்து மடியிலேயே வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை இதைக் கேட்ட பிறகுதான் திறந்தார். மகனின் நிலையில் அப்போது எந்த மாற்றமும் இல்லை, நான் நல்ல செய்தி எதுவும் சொல்லவும் இல்லை; நாலு மணிவரை கதவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது.

நர்சிங் படிப்பில் உளவியலும் ஒரு பாடம். அதையொட்டிப் படித்தபோது அறிந்த ஒரு சோதனையை இங்கே சேர்க்க விரும்புகிறேன். டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், 1972-இல் நூலாகவும் வெளிவந்த ஆய்வுகளில், எப்போது எழும் என்று தெரியாத பேரிரைச்சலுக்கு நடுவே மக்களை வேலை செய்யவைத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு பொத்தானைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அழுத்தி இரைச்சலை நிறுத்திக்கொள்ளலாம், அழுத்தாமல் இருந்தால் நல்லது என்றார்கள். அவர்கள் பெரும்பாலும் அழுத்தவே இல்லை. இரு பிரிவினரும் கேட்ட இரைச்சல் ஒன்றேதான் என்றாலும், பின்னர் கடினமான புதிர்களைக் கொடுத்தபோது பொத்தான் வைத்திருந்தவர்களே அதிக நேரம் சலிக்காமல் முயன்றார்கள், அச்சுப்பிழை திருத்துவதிலும் குறைவாகத் தவறவிட்டார்கள்.

நலமாக இருப்பவர்களிடம் இரைச்சலை வைத்துச் செய்த சோதனையை அப்படியே நோயாளிகளுக்குப் பொருத்துவது சரியல்ல என்பதை நான் அறிவேன். ஆனாலும், இரவுப் பணியில் அழைப்பு மணியின் ஒயரைக் காயத்துக்குக் கட்டும் மெல்லிய துணியால் கட்டில் கம்பியில் கட்டி, அது நோயாளியின் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கட்டிலுக்குப் போகிறேன். மணி எட்டாத இடத்தில் சுவரில் தொங்கும்போது, “சிஸ்டர், சிஸ்டர்” என்ற குரல் ஓயாமல் வரும். கையில் இருக்கும்போது பலர் விடியும்வரை அதை அழுத்துவதே இல்லை.

உறவினர்களுக்கு நேரம் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஷிப்ட் மாறினால் நான் கொடுத்த வாக்கு என்னோடு வீட்டுக்குப் போய்விடும். நாலு மணிக்கு யாரும் வராவிட்டால், நேரமே சொல்லாமல் இருந்ததைவிட அது கொடுமை. ஆகையால் மருந்து, டிரிப்ஸ் பற்றிய குறிப்புகளோடு, ‘4 மணி: உறவினரிடம் பேச வேண்டும்’ என்று பணி ஒப்படைப்புப் பதிவேட்டில் எழுதி வைக்கிறேன். உடன் பணிபுரியும் சிலரும் இப்போது அப்படி எழுதுகிறார்கள். மற்ற மருத்துவமனைகளில் பணிபுரிபவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதினால், எங்கள் வார்டிலும் செய்து பார்ப்போம்.