ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுக்கலாமா?

வடபழனி_கணேஷ்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஃபிளாட் 1998-இல் கட்டியது. மூன்று மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. சமையலறை 8க்கு 9 அடி, ஹால் 11க்கு 16. நடுவே நாலரை அங்குலச் சுவர். மேடைக்குக் கீழே இருக்கும் மரக் கதவுகளைக் கரையான் தின்றுவிட்டது. எப்படியும் எல்லாவற்றையும் பிரித்துப் போடத்தான் போகிறோம், அதோடு சுவரையும் எடுத்து ஓப்பன் கிச்சன் ஆக்கிவிடலாம் என்கிறார் மனைவி. அம்மாவுக்கு 72 வயது, கூடவே கூடாது என்கிறார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். வீட்டில் ஐந்து பேர். வாரத்தில் இரண்டு நாள் மீன். பட்ஜெட் ஆறு லட்சம்.

மீனா_கோவை
யோசிக்காமல் எடுங்கள். எட்டுக்கு ஒன்பது அறையில் மே மாதம் அடுப்படியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். எங்கள் வீட்டில் சுவரை எடுத்த பிறகு பகலில் சமையலறையில் லைட் போடுவதே இல்லை, பால்கனி வெளிச்சம் நேராக மேடை வரைக்கும் வருகிறது. பையன் டைனிங் டேபிளில் வீட்டுப்பாடம் செய்வான், நான் தோசை வார்த்துக்கொண்டே அவனைக் கவனிப்பேன். இன்னொன்றும் நடந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அடுப்படிப் பக்கமே வராத என் வீட்டுக்காரர் இப்போது வெங்காயம் நறுக்கித் தருகிறார். கிரிக்கெட் தெரிகிறதாம் அங்கிருந்து!

காரக்குழம்பு
மீனா மேடம், நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் மீன் பொரிப்பவரா? கணேஷ் பொரிக்கிறார். தாளிப்புக்கு வரமிளகாய் கிள்ளிப்போட்டால் மூடிய சமையலறையிலேயே வாசலில் நிற்பவன் தும்முகிறான். சுவரையும் எடுத்துவிட்டால் சோஃபா, திரைச்சீலை, பள்ளிக்கூட பேக் எல்லாம் வஞ்சிர மீன் வாடை அடிக்கும். ஹாலில் ஏசி இருந்தால் அதன் ஃபில்டரிலும் உள்ளே காயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கு படியும், அதில் தூசி ஒட்டும். சர்வீஸுக்கு வருபவர் பார்த்த உடனே கேட்பார், "சமையல்கட்டு இங்கேயா?" என்று.

அப்புறம், ஹால் ஃபேன். அதை யாரும் யோசிப்பதில்லை. ஃபேன் ஓடினால் அடுப்புத் தீ ஆடும், பாத்திரத்தின் அடியில் பாதி, வெளியில் பாதி. ஃபேனை நிறுத்தினால் ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் கத்துவார்கள். தினமும் இதே பஞ்சாயத்து.

மீனா_கோவை
சிம்னி என்று ஒன்று கண்டுபிடித்துப் பல வருடமாகிறது, சார்.

ஓய்வுபெற்ற_ஜேஈ
சண்டைக்கு முன்னால் சுவரைப் பார்த்துவிடலாம். தம்பி கணேஷ், நாலரை அங்குலம் என்றால் பெரும்பாலும் தடுப்புச் சுவர்தான். ஆனால் அந்த அளவை மட்டும் வைத்துக்கொண்டு சுத்தியலைத் தூக்கக் கூடாது. கட்டடம் பில்லரும் பீமும் போட்டதா, இல்லை சுவரே பாரம் தாங்குவதா என்று பாருங்கள். அந்தக் காலத்து மூன்று மாடி ஃபிளாட்டுகளில் இரண்டும் உண்டு. அடுத்தது பரண். சமையலறைப் பரணின் கான்கிரீட் பலகை எந்தச் சுவரில் ஊன்றியிருக்கிறது? இந்தச் சுவரில் என்றால் பரணும் சேர்ந்து போகும். அசோசியேஷன் அனுமதி, ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கையெழுத்து இரண்டும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். "நான் நூறு வீடு இடித்திருக்கிறேன்" என்று மேஸ்திரி சொல்வது கையெழுத்து ஆகாது.

சுவரை எடுத்த இடத்தில் தரையில் ஆறு அங்குல அகலத்துக்கு டைல்ஸே இல்லாத பட்டை ஒன்று நீளமாகக் கிடக்கும். பழைய டைல்ஸ் கடையில் கிடைக்காது. சமையலறைத் தரை ஹாலை விட அரை அங்குலம் தாழ்வாகவும் இருக்கலாம். ஒரு சுவரை எடுக்கப் போய் இரண்டு அறைக்கும் தரை மாற்றியவர்கள் நிறைய. உங்கள் ஆறு லட்சத்தில் அதற்கு இடம் இருக்கிறதா?

மரவேலை_ராஜா
மாடுலர் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சிம்னி பற்றிச் சொல்கிறேன். அறையின் கன அளவை மணிக்குப் பத்துப் பதினைந்து தடவை காற்று மாறுகிற மாதிரி கணக்குப் போடுவோம். கணேஷ் சார் சமையலறை, உயரம் பத்தடி என்றால் 720 கன அடி, அதாவது சுமார் 20 கன மீட்டர். சிம்னி மணிக்கு 200 முதல் 300 கன மீட்டர் காற்றை இழுத்தால் போதும். சுவரை எடுத்தால் ஹாலும் சேர்ந்து 70 கன மீட்டர். 700-லிருந்து 1050 வரை வேண்டும். கடையில் 1200 என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள், வாங்கினால் தீர்ந்தது என்று தோன்றும். அந்த 1200 குழாய் மாட்டாத மெஷினுக்கு. குழாய் நீள நீள, ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும். ஆறு அங்குலக் குழாய், முடிந்தவரை நேராக, வெளிச்சுவருக்குப் பக்கத்திலேயே அடுப்பு. இது அமையாவிட்டால் ஓப்பன் வேண்டாம் என்று நானே கஸ்டமரிடம் சொல்லிவிடுவேன்.

சிங்க் அடியில் மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிளைவுட் போடுங்கள், தண்ணீர் தாங்கும் மெரைன் பிளைவுட்டுக்கான தர முத்திரை அது. "மெரைன்தான் சார்" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், பலகையில் அச்சு இருக்கும். பார்ட்டிகிள் போர்டு தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

காரக்குழம்பு
ராஜா அண்ணன் சொன்னதோடு ஒன்று. ஃபிளாட்டில் அந்தக் குழாயை எங்கே விடுவீர்கள்? பொது டக்ட்டில், அதாவது எல்லா வீட்டுக்கும் பொதுவாகக் குழாய்கள் போகும் இடைவெளியில். மேல் வீட்டுக்காரர் ஜன்னல் அங்கேதான் இருக்கும். அவர் சைவமாக இருந்தால் அடுத்த மீட்டிங்கில் அதுதான் முதல் அஜெண்டா.

சாரதா_திருச்சி
வாசனையை விடுங்கள். மதியம் மூன்று மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நாத்தனார் வந்து நிற்கிறார். சிங்க்கில் குக்கர், இரண்டு சட்டி, ஊறப்போட்ட அடிப்பிடித்த பால் பாத்திரம், மேடையில் பாதி உரித்த பூண்டு. இப்போது ஒரு கதவைச் சாத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்து நிம்மதியாகப் பேசுகிறேன். சுவர் இல்லாத வீட்டில் அந்த மேடையை நாள் முழுக்கத் துடைப்பது யார்? கணேஷா? ஓப்பன் கிச்சன் படம் எல்லாவற்றிலும் மேடையில் மூன்று எலுமிச்சம்பழம் மட்டும்தான் இருக்கிறது, கவனித்தீர்களா?

மீனா_கோவை
சாரதா அக்கா, அந்தப் பாத்திரத்தைக் கழுவப் போவதும் நீங்கள்தானே? கதவு சாத்தினால் அது நாத்தனார் கண்ணுக்கு மறையும். உங்கள் வீட்டு ஆண்கள் கண்ணுக்கும் சேர்த்தே மறையும். தெரியாத வேலையை யாரும் பங்குபோட வர மாட்டார்கள். எல்லோரும் ஹாலில் சிரித்துப் பேச, ஒருத்தி மட்டும் சுவருக்குப் பின்னால் நின்று பஜ்ஜி போடுவதை எத்தனை காலத்துக்குக் "குடும்ப அமைப்பு" என்று சொல்லப் போகிறோம்?

சாரதா_திருச்சி
தெரிந்தால் வருவார்கள் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் கொடியில் காயும் துணி எல்லோருக்கும் தெரிகிறது. மழை வந்தால் ஓடுவது நான்தான்.

கட்டடக்கலை_மாணவி
இந்தச் சண்டைக்கு நூறு வயதாகிறது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் வீடுகளுக்காக 1926-இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை மாடுலர் கிச்சனின் பாட்டி என்பார்கள். கிட்டத்தட்ட 1.9க்கு 3.4 மீட்டர், சுமார் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. அதற்கு முன் அங்கே தொழிலாளர் வீடுகளில் சமையல், சாப்பாடு, சில வீடுகளில் தூக்கமும் ஒரே அறையில். அதிலிருந்து சமையலைப் பிரித்ததுதான் அன்றைக்குப் புதுமை. அந்த மாதிரிச் சமையலறை சுமார் பத்தாயிரம் வீடுகளில் வந்தது. பின்னால் வந்த பெண்ணியவாதிகள் மீனா அக்கா சொல்வதையே சொல்லித் திட்டினார்கள், பெண்ணை ஒரு சின்ன அறையில் தனியாக அடைத்துவிட்டது என்று. ஆனால் அதில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு அகலமான தள்ளுகதவு உண்டு. வேலை செய்துகொண்டே குழந்தையைப் பார்க்கலாம், வேண்டாம் என்றால் இழுத்துச் சாத்தலாம்.

சுபா_ஸ்கார்பரோ
கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வீடுகள் ஓப்பனாகவே கட்டித்தான் விற்பார்கள், எங்கள் வீடும் அப்படித்தான். வடிவான குசினி, நடுவில் பெரிய மேடை. அதில் தேநீரும் பாணும் (பிரெட்) மட்டும். மீன் பொரியலும் கறியும் பேஸ்மென்டில் உள்ள இரண்டாவது அடுப்பில். தெற்காசிய ஆட்கள் அதிகம் உள்ள இடங்களில் பில்டர்களே "ஸ்பைஸ் கிச்சன்" என்று கதவு போட்ட ஒரு சின்ன அறையைச் சேர்த்து விற்கிறார்கள். குளிருக்கு ஜன்னல் திறக்க முடியாத நாட்டில் இதுதான் வழி. கணேஷ் அண்ணாவின் பிளாட்டில் இரண்டு குசினிக்கு இடமில்லை, அப்ப இருக்கிற ஒன்றில் எதைச் சமைக்கப் போகிறீர்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

வடபழனி_கணேஷ்
நிறைய விஷயம், நன்றி. பரண் அந்தச் சுவரில்தான் ஊன்றியிருக்கிறது, இப்போதுதான் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தேன். அம்மாவிடம் ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து கேட்டேன். வாசனை, புகை எதுவும் சொல்லவில்லை. தரையில் காலை நீட்டி அருவாமனையில் காய் நறுக்கும்போது கூரியர்காரன் முதல் எல்லோரும் பார்ப்பார்களாம். மேடை அவருக்கு உயரம், அதனால்தான் தரையில் உட்காருகிறார். எட்டாத மேடை என்பது எனக்கே புதுச் செய்தி.

மரவேலை_ராஜா
சார், இது முக்கியம். முழங்கையை மடக்கி, அதிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். கம்பெனி செட் எல்லாம் 34 அங்குலத்துக்கு வரும். அம்மா நாலடி பத்து என்றால் அவருக்கு 31, 32 போதும். மேடைமேல் அடுப்பு வைத்தால் இன்னும் நாலைந்து அங்குலம் ஏறும், அதன்மேல் சாம்பார் குண்டான். கரண்டி பிடிக்கும் தோள் காது வரைக்கும் வந்துவிடும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் இறக்கிக் கட்டுங்கள். ஜன்னல் ஓரம் இரண்டடிக்கு 28 அங்குலத்தில் ஒரு தாழ்வான மேடை, முன்னால் ஒரு ஸ்டூல். அருவாமனைக்குப் பதில் கத்தி பழகுவாரா என்பது உங்கள் பாடு.

ஓய்வுபெற்ற_ஜேஈ
பரண் அங்கே ஊன்றியிருந்தால் முழுச் சுவர் பேச்சை விட்டுவிடுங்கள். எஞ்சினியர் ஒத்துக்கொண்டால் இடுப்பளவுக்கு மேல் நாலடி அகலத்துக்குத் திறப்பு, மேலே பாரம் தாங்க லிண்டல் என்ற கான்கிரீட் பட்டை, கண்ணாடித் தள்ளுகதவு.

சிலிண்டரை அடைத்த அலமாரிக்குள் வைக்க மாடுலர்காரர்கள் வற்புறுத்துவார்கள். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அலமாரிக் கதவின் அடியில் காற்றுத் துளை கட்டாயம்.

மீனா_கோவை
நாலடி ஜன்னல் வைத்து, அதிலும் கண்ணாடி போட்டால், உள்ளே நிற்பவர் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும். அதற்கு ஆறு லட்சமா? கதவு இருக்கும் பக்கத்தையாவது முழுசாகத் திறந்து விடுங்கள்.

சாரதா_திருச்சி
கவுன்டரை நாங்கள் மூடிக்கொள்ளலாமே! கணேஷ், உங்கள் மனைவி இதில் ஒரு வரிகூட எழுதவில்லை. அவரிடம் போனைக் கொடுங்கள்.

வடபழனி_கணேஷ்
படித்துவிட்டார், அக்கா. திறப்பு நாலடி போதாது, ஆறடி வேண்டும் என்கிறார். எஞ்சினியர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.