ஜானகி குரல் ஆம்பளைக் குரலாகக் கேட்கிறது: பழைய ரிக்கார்டு பிளேயர், உதவி தேவை

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் முதுநகரில் இருக்கிறோம். அப்பா ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டியவர். அவருடைய பெட்டி மாடல் ரிக்கார்டு பிளேயரைப் பரணிலிருந்து இறக்கி, 'அன்னக்கிளி' இ.பி.யை (நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன ரிக்கார்டு) போட்டோம். பாட்டு வருகிறது, ஆனால் ஜானகி அம்மா குரல் கனத்துப்போய், தண்ணீருக்குள் நின்று பாடுகிற மாதிரி ஆடுகிறது. அப்பா, "இது ஜானகி இல்ல, யாரோ ஆம்பளை" என்று எழுந்து போய்விட்டார். வேகக் குமிழ் 45-இல்தான் இருக்கிறது. என்ன பார்க்க வேண்டும்?

பாகூர் வாசி:
யூடியூபில் சுத்தமாக இருக்கிறதே, எதற்கு இவ்வளவு பாடு?

கெடிலக்கரை:
அதில் கேட்காமலா இருப்போம்? அவருக்குத் தட்டு சுற்றுவதைப் பார்க்கணும்.

முத்தியால்பேட்டை சவுண்டு:
தங்கச்சி, முதலில் எண்ணிப் பாருங்கள். ரிக்கார்டைத் தாங்கிச் சுற்றுகிற தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டி, ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்று என்று கணக்கெடுங்கள். 45 வர வேண்டும். அப்புறம் அந்த ஆட்டம். சுற்றுக்கு ஒரே ஒரு தடவை ஆடினால் குறை ரிக்கார்டில்: வளைந்திருக்கும், இல்லையென்றால் நடுத் துளை விலகியிருக்கும். ஒரே சுற்றில் பல தடவை ஆடினால் உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம்.

கெடிலக்கரை:
மூன்று முறை எண்ணினேன் அண்ணே. 42. ஆட்டம் சுற்றுக்கு நாலு தடவை இருக்கும்.

பாகூர் வாசி:
ரப்பர் தேய்ந்து சக்கரம் சின்னதாகியிருக்கும், அதான் வேகம் குறைவு.

முத்தியால்பேட்டை சவுண்டு:
இல்லை தம்பி. அது மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் நிற்கிற சக்கரம். அதன் அளவு மாறினாலும் வேகம் மாறாது, மோட்டார் தண்டில் வேகத்துக்கு ஒரு பருமனாகப் படிப்படியாக இருக்கிற படிக்கட்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ரப்பர் இறுகி வழுக்குவதும், பழைய கிரீஸ் கெட்டியாகி இழுப்பதும்தான் வேகத்தைக் குறைக்கும். 42 என்றால் சுருதி அரைக் கட்டைக்குக் கொஞ்சம் கூடவே இறங்கும். உங்கள் அப்பா காது கெட்டி.

தங்கச்சி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நடுவில் இருக்கும் கிளிப்பைக் கழற்றிச் சுற்றுகிற தட்டைத் தூக்குங்கள். ரப்பர் ஓரத்தையும் தட்டின் உள்விளிம்பையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். தண்டுகளில் பழைய கிரீஸை வழித்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. ரப்பரில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. குமிழை 45-லேயே விட்டுப் பரணில் போட்டிருந்தால் ரப்பர் அழுந்திக் குழி விழுந்திருக்கும். விரலால் தடவினாலே தெரியும்.

கெடிலக்கரை:
குழி இருக்கிறது! நகம் நிற்கிற அளவுக்கு.

முத்தியால்பேட்டை சவுண்டு:
அப்போ தேய்த்துச் சரியாகாது. சக்கரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதிச் சந்தைக்கு வாருங்கள். ஓடாத பிளேயர் கிடைத்தால் அளவு பார்த்துச் சக்கரத்துக்காகவே வாங்கலாம். முழு பிளேயர் விலை கேட்பார்கள், பேரம் பேசுங்கள்.

சில்வர் பீச் தாத்தா:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். 1976-இல் அந்த 'அன்னக்கிளி' தட்டு வந்தபோது எங்கள் தெருக் கல்யாணத்தில் காலையிலிருந்து அதையே போடச் சொல்லி மைக் செட்காரரைப் பாடாய்ப் படுத்தினோம். எம்.எஸ்.வி.யைத் தவிர வேறு பெயர் வாயில் வராத கூட்டம் நாங்கள். இளையராஜா என்ற பெயர் புதுசு, அதுதான் அவருக்கு முதல் படம். மற்ற நேரமெல்லாம் சிலோன் ரேடியோ. கடலுக்கு அந்தப் பக்கம்தானே, அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜா குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். ஒருவேளை அந்த மைக் செட்டே உங்கள் அப்பாவுடையதோ என்னவோ.

கெடிலக்கரை:
கேட்டேன் ஐயா. "அந்தத் தட்டை அந்த வருஷம் யாரு போடல" என்கிறார்.

கெடிலக்கரை:
ஞாயிறு சந்தையில் சக்கரம் கிடைத்தது அண்ணே. 45 சுற்று, ஆட்டம் இல்லை. அப்பா முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "ம், திருப்பிப் போடு" என்றார். இப்போது 1975 'அபூர்வ ராகங்கள்' தட்டைப் போடச் சொல்கிறார், வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அதில். அந்தத் தட்டு 2011 'தானே' புயலில் நனைந்தது, வரிகளில் சேறு. கழுவலாமா?

முத்தியால்பேட்டை சவுண்டு:
கழுவலாம். காய்ச்சி வடித்த தண்ணீர் (பேட்டரிக்கு ஊற்றுவது), பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மெத்தென்ற துணி. வரி ஓடுகிற வாக்கில் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நடுவில் இருக்கும் லேபிளை நனைக்காதீர்கள். நிழலில் நிற்கவைத்து உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் அப்பளம்தான். 78 தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டு) எதுவும் கலந்திருந்தால் அதில் ஸ்பிரிட் படக் கூடாது, அரக்கு கரைந்துவிடும். முள்ளையும் ஒரு தடவை பாருங்கள்: ஒரு பக்கம் 78-க்கும் மறுபக்கம் மற்ற தட்டுகளுக்கும் என்று திருப்பிப் போடுகிற இரட்டை முள்ளாக இருந்தால், இந்தத் தட்டுகளுக்கு 78 பக்கம் நிற்கக் கூடாது.

கெடிலக்கரை:
78 பக்கம்தான் நிற்கிறது அண்ணே.

முத்தியால்பேட்டை சவுண்டு:
திருப்புங்கள், திருப்புங்கள்!